மாநாட்டிற்கும் மாநாட்டிற்கும் இடையில்: செவ்வியல் ஆய்வுக் கூட்டமைப்பும் உலகத் தமிழாராய்ச்சி மன்றமும்

முன்னுரை

செவ்வியல் மொழியாய்வு தனியொருவர் முயற்சியால் மட்டும் வளர்வதன்று. ஓர் ஆய்வாளர் கண்டதைப் பிறிதோரிடத்தில் உள்ள ஆய்வாளர் அறிந்து, ஏற்றோ மறுத்தோ மேற்செல்லும்போதே அது துறையாக நிலைபெறுகிறது. கிரேக்க, இலத்தீன் ஆய்வுகளில் இப்பணிக்கென 1948-இல் பாரிசில் தோன்றியது செவ்வியல் ஆய்வுச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு. அதன் 17-ஆவது மாநாடு 2025-இல் போலந்து நாட்டின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் நடைபெற்றது. தமிழுக்கு அத்தகைய அமைப்பாகத் தோன்றியது உலகத் தமிழாராய்ச்சி மன்றம். இவ்விரண்டையும் ஒப்பிட்டு, பன்னாட்டு ஆய்வமைப்பின் முதன்மைப் பணி எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மன்றத்தின் தோற்றம்

1964 ஜனவரியில் புதுதில்லியில் கீழ்த்திசை ஆய்வாளர்களின் 26-ஆவது பன்னாட்டு மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளர்களைத் தனியே ஒருங்கிணைக்கத் தனிநாயகம் அடிகளும் வ. ஐ. சுப்பிரமணியமும் முயன்றதன் பயனாக மன்றம் உருவாயிற்று. பிரெஞ்சு அறிஞர் ழான் ஃபிலியோசா அதன் தலைவரானார். தனிநாயகம் அடிகளும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவலபிலும் செயலாளர்களாயினர்.

இம்முயற்சியில் நாஞ்சில் நாட்டிற்கு உள்ள தொடர்பு குறிப்பிடத்தக்கது. வ. ஐ. சுப்பிரமணியம் நாகர்கோவில் வடசேரியில் பிறந்தவர். தனிநாயகம் அடிகள் நாஞ்சில் நாட்டை அடுத்த வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்த காலத்தில் தமிழை முறையாகக் கற்றவர்.

மாநாடுகளின் கால இடைவெளி

மன்றத்தின் முதல் மூன்று மாநாடுகள் 1966-இல் கோலாலம்பூரிலும் 1968-இல் சென்னையிலும் 1970-இல் பாரிசிலும் நிகழ்ந்தன. ஈராண்டுக்கு ஒன்று என்னும் ஒழுங்கு அதுவரை பேணப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணம் (1974), மதுரை (1981), கோலாலம்பூர் (1987), மொரீசியசு (1989), தஞ்சாவூர் (1995) என இடைவெளி சீரற்றதாயிற்று. ஒன்பதாம் மாநாடு 2015-இல் கோலாலம்பூரில் கூடுவதற்கு இருபது ஆண்டுகள் சென்றன. பத்தாம் மாநாடு 2019-இல் சிகாகோவில் நடைபெற்றது. இடையில் 2010-இல் கோவையில் நிகழ்ந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு தமிழக அரசு நடத்தியது. அது மன்றத்தின் மாநாட்டு வரிசையில் சேராது.

செவ்வியல் கூட்டமைப்போ 1954 முதல் 2019 வரை ஐந்தாண்டுக்கொரு மாநாடு என்னும் முறையைக் கைவிடவில்லை. இதற்கு அமைப்பு முறையும் ஒரு காரணமாகும். அக்கூட்டமைப்பின் உறுப்புகள் பல நாட்டுச் சங்கங்கள். ஒரு சங்கம் தளர்ந்தாலும் மற்றொன்று பொறுப்பேற்க இயலும். தமிழ் மாநாடுகள் பெரும்பாலும் அரசுகளின் ஆதரவை நம்பியிருந்தன. அவ்வாதரவால் தமிழாய்வு பொதுமக்களின் கவனத்தைப் பெற்றது. உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் (1970), தமிழ்ப் பல்கலைக்கழகம் (1981) ஆகியன எழுவதற்கும் மாநாடுகள் தூண்டுதலாயின. இப்பயனை மறுத்தல் இயலாது. எனினும், அரசின் சூழல் மாறும்போது மாநாட்டின் காலமும் மாறியது.

நூலடைவு என்னும் தொடர்பணி

கால இடைவெளியைவிடக் கருதத்தக்கது, அவ்விடைவெளியில் நிகழும் பணியாகும். கிரேக்க, இலத்தீன் ஆய்வுகளுக்கு ‘லானே ஃபிலோலோழிக்’ என்னும் ஆண்டு நூலடைவு உண்டு. பிரெஞ்சு அறிஞர் ழூல் மரூசோ தொடங்கிய இதன் முதல் தொகுதி 1928-இல் வெளிவந்தது. பல நாடுகளில் வெளியாகும் நூல்களும் கட்டுரைகளும் பண்டைய ஆசிரியர் பெயராலும் பொருளாலும் பகுக்கப்பட்டு, சுருக்கக் குறிப்புடன் இதில் இடம்பெறுகின்றன. எனவே, மாநாட்டிற்குச் செல்ல இயலாத ஆய்வாளரும் தம் துறையில் நிகழ்வதை அறிய முடிகிறது.

தமிழிலும் இத்தகைய தொடக்கங்கள் இருந்தன. தனிநாயகம் அடிகள் தமிழியல் நூல்களுக்கான வழிகாட்டி ஒன்றை 1966-இல் வெளியிட்டார். வ. ஐ. சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவு 1962-இல் கேரளப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. மன்றத்தைத் தோற்றுவித்த இருவருமே ஆய்வுக் கருவிநூல்களை ஆக்கியவர்கள் என்பது நோக்கத்தக்கது. ஆயின், ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் பொது நூலடைவாக இப்பணி தொடரவில்லை.

நெய்தல் கரையிலிருந்து ஒரு சான்று

இக்குறையின் விளைவை ஒரு சான்றால் விளக்கலாம். மணவாளக்குறிச்சியை ஒட்டிய சின்னவிளை, பெரியவிளை ஆகிய கடற்கரை ஊர்களின் மீன்பிடிச் சொற்களைச் சங்க இலக்கிய நெய்தற் சொற்களோடு ஒப்பிட ஓர் ஆய்வாளர் விரும்புவதாகக் கொள்வோம். கரைமடி, வள்ளம் முதலிய வழக்குகளைத் தொகுப்பது களத்தில் இயலும். இவற்றை முன்னர் எவரேனும் ஆராய்ந்துள்ளனரா என்பதை உறுதிசெய்வதே அரிது. முனைவர்பட்ட ஆய்வேடுகள் பல ‘சோத்கங்கா’ இணையக் களஞ்சியத்தில் கிடைக்கின்றன. ஆய்வியல் நிறைஞர் பட்ட ஏடுகளோ பெரும்பாலும் துறை நூலகங்களின் அலமாரிகளில் உள்ளன. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிமுறைகளால் அப்பட்டம் நிறுத்தப்பட்ட நிலையில், அவ்வேடுகள் கவனிப்பாரின்றி அழிந்துபோகும் வாய்ப்பு மிகுந்துள்ளது. அவை அழியுமாயின், அவற்றில் பதிவான வட்டார வழக்குகளும் அழியும். அவ்வழக்கைப் பேசிய முதியோரிடம் மீண்டும் கேட்டறியவும் இயலாது. அழியாமல் இருந்தும் அறியப்படாவிடின், ஒரே ஆய்வு மீண்டும் மீண்டும் நிகழும்.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பன்னாட்டு ஆய்வமைப்பின் வலிமை மாநாட்டின் பெருமையைவிட, மாநாடுகளுக்கு இடைப்பட்ட தொடர்பணியிலேயே தங்கியுள்ளது என்பது பெறப்படுகிறது. இதனடிப்படையில் மூன்று கருத்துகள் முன்வைக்கப்படுகின்றன. தமிழ்த்துறைகளும் ஆய்வுச் சங்கங்களும் உறுப்புகளாக அமையும் கூட்டமைப்பு முறையை மன்றம் எண்ணிப்பார்க்கலாம். மாநாட்டுக் கட்டுரைத் தொகுதிகள் அனைத்தையும் எவரும் படிக்குமாறு இணையத்தில் வைக்கலாம். ஒவ்வொரு தமிழ்த்துறையும் தன்னிடமுள்ள ஆய்வேடுகளின் பொருளடைவை ஆண்டுதோறும் வெளியிடலாம். முதலிரண்டும் மன்றத்தின் முடிவுக்கு உரியன. மூன்றாவதற்கு எந்த மாநாடும் கூட வேண்டுவதில்லை. ஒரு துறையின் ஆசிரியரும் மாணவரும் இவ்வாண்டே அதனைத் தொடங்கிவிட இயலும்.