கூழ் ஓடும் விதம்

மாணவர்களே, உங்கள் குறிப்பேட்டின் ஒரு தாளைச் சாளரத்தின் ஒளிக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். மேசைமேல் ஒரே சீராகத் தோன்றிய தாளில், மேகத்திட்டுகள் போன்ற அடர்த்தியும் மெலிவும் தெரியும். தாள் உருவான பொழுதில் நார்கள் ஒன்றோடொன்று பின்னித் திரண்ட இடங்களே அத்திட்டுகள்.

மரம், மூங்கில், கரும்புச் சக்கை ஆகியவற்றிலிருந்து பிரித்தெடுத்த செல்லுலோஸ் நார்களை நீரில் கலந்தால் கிடைப்பது காகிதக்கூழ். நாம் உண்ணும் கூழுக்கும் இதற்கும் தமிழில் ஒரே பெயர் அமைந்தது பொருத்தமே. ஊசியிலை மரத்தின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமும், அதில் நூற்றில் ஒரு பங்கு அகலமும் உடையது. கரூர் மாவட்டம் காகிதபுரத்து ஆலை பயன்படுத்தும் கரும்புச் சக்கையின் நார் அதனினும் குறுகியது.

தாள் செய்யும் பொறியின் வலைமீது விழும் கூழில், பெரும்பாலும் நூற்றுக்கு ஒரு பங்குகூட நார் இருப்பதில்லை; எஞ்சியதெல்லாம் நீர். எனினும் அக்கலவை நீரைப் போல நடந்துகொள்வதில்லை. இதனை வீட்டிலேயே அறியலாம். 10 கிராம் பழைய செய்தித்தாளைக் கிழித்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, நன்கு கடைந்து கூழாக்குங்கள். கரண்டியால் சுழற்றிவிட்டுக் கரண்டியை வெளியே எடுங்கள். வெறும் நீர் நெடுநேரம் சுழலும். கூழோ சட்டென நிற்கும். கூர்ந்து நோக்கினால், நிற்கும்போது சற்றுப் பின்னோக்கி அசைவதும் தெரியலாம். நார்கள் பின்னி வலையாகி, வில்போல் வளைந்து மீள்வதே காரணம்.

நீரை எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் அது ஓடும். கூழ் அவ்வாறன்று, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளினாலன்றி அசையாது. தக்காளிக் கெச்சப் கவிழ்த்த புட்டியிலும் தங்கி நிற்பதை நினைவுகூர்க. பாயத் தொடங்கத் தேவைப்படும் இந்த அளவைத் தொடக்கத் தகைவு எனக் குறிப்போம். இத்தகைய பொருள்களைப் பற்றிய ஆய்வுக்கு அமெரிக்க வேதியியலார் யூஜின் பிங்காம் ‘ரியாலஜி’ எனப் பெயரிட்டார். தமிழில் பாய்வியல் எனலாம்.

கூழை அளப்பது எளிதன்று. எண்ணெயை அளக்கும் கருவியில் ஓர் உருளைக்குள் மற்றோர் உருளை சுழலும். இரண்டிற்கும் இடையே மிகக் குறுகிய இடைவெளியே இருக்கும். 3 மில்லிமீட்டர் நார் அதில் எவ்வாறு திரும்பும்? இடைவெளியை அகலமாக்கினால் வேறொரு சிக்கல் எழுகிறது. வழவழப்பான சுவரை விட்டு நார்கள் சற்றே விலக, அங்கே மெல்லிய நீர்ப்படலம் உருவாகிறது. உருளை அப்படலத்தில் வழுக்கிச் சுழலும். கருவியோ கூழ் மிக இளகியது என்று பொய்ச்சான்று கூறும். அந்த எண்ணை நம்பிக் குழாயும் பம்பும் அமைத்தால், ஒருமுறை நின்ற கூழை மீண்டும் நகர்த்த இயலாமல் ஆலையே முடங்கலாம்.

ஆகவே உருளைக்கு மாற்றாக, நான்கு தகடுகளைக் கூட்டல் குறிபோல் பொருத்திய சுழலியைக் கூழினுள் இறக்குவர். தகடுகளுக்கிடையே சிக்கிய கூழும் உடன் திரும்புவதால், கூழ் கூழிலிருந்தே அறுபடும். வழுக்கலுக்கு இடம் குறைவு. மெல்லத் திருகும்போது திருப்புவிசை ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். அவ்வுச்சத்தையும் தகட்டின் உயரத்தையும் சுழலியின் விட்டத்தையும் கொண்டு தொடக்கத் தகைவைக் கணக்கிடுவர். நாரின் பங்கு இரட்டித்தால் இத்தகைவு இரட்டிப்பதோடு நிற்பதில்லை. பெரும்பாலும் நான்கு மடங்கையும் கடந்துவிடும்.

அளவீட்டுக்குப் பகையான அந்த நீர்ப்படலம் குழாய்க்கு நட்பு. மெதுவாகச் செல்லும் கூழ், தக்கைபோல் சுவரில் உராய்ந்தபடி நகரும். வேகத்தைக் கூட்டினால் படலம் இடையே புகுந்து உராய்வைத் தணிக்கும். இன்னும் விரைவானால், தூய நீரைவிடக் குறைந்த தடையுடன் கூழ் ஓடும்! நம்புதற்கு அரிது, ஆயினும் அளந்து கண்ட உண்மை. இத்துறைக்கென உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூரில் மத்திய ஆய்வு நிறுவனமே இயங்குகிறது.

பயிற்சி

1. ‘பொய்ச்சான்று’ – பிரித்து எழுதுக. பாடத்தில் பொய்ச்சான்று கூறியது எது? ஏன்?
2. நீர்ப்படலம் ஓரிடத்தில் பகையாகவும் ஓரிடத்தில் நட்பாகவும் அமைவதை உம் சொற்களில் எழுதுக.
3. 10 கிராம், 20 கிராம் தாளைத் தனித்தனியே ஒரு லிட்டர் நீரில் கூழாக்கி, சுழற்சி நிற்கும் நேரத்தை அளந்து அட்டவணையிடுக. வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு அதைத் தமிழில் விளக்கிக் கூறுக.