பத்தாண்டு உழைப்பின் விடுப்பு: எடுக்காமல் விடாதீர்கள்

ஆஸ்திரேலியாவில் அரசு அலுவலகத்திலோ அரசுப் பள்ளியிலோ பத்தாண்டு முடித்தவர்களுக்கு, வருடாந்த விடுப்பைத் தவிர இன்னொரு பெரிய உரிமை உண்டு: லாங் சர்வீஸ் லீவ். சம்பளத்தோடு இரண்டு, மூன்று மாத விடுப்பு.

1860களில் விக்டோரியாவும் தென் ஆஸ்திரேலியாவும் பிரிட்டிஷ் குடியேற்றங்களாக இருந்தபோது, அரசு ஊழியர்கள் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போய் வருவதற்காகக் கொடுத்த விடுப்பு இது. பெற்றோரை யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ விட்டுவிட்டு வந்திருக்கும் நமக்கு இது எவ்வளவு பொருந்துகிறது! ஆனாலும் நம்மில் பலர் இதைக் கடைசி வரை தொடாமலே வைத்திருக்கிறோம்.

எவ்வளவு கிடைக்கும்?

நீங்கள் எந்த அரசின் ஊழியர் என்பதைப் பொறுத்தது. நியூ சவுத் வேல்ஸ் அரசு ஊழியருக்குப் பத்தாண்டு முடிவில் முழுச் சம்பளத்தில் 44 வேலை நாட்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டுக்கும் 11 நாட்கள் சேரும். விக்டோரியாவிலும் காமன்வெல்த் (மத்திய) அரசிலும் பத்தாண்டுக்கு மூன்று மாதம். குவின்ஸ்லாந்தில் 13 வாரம்.

எண்ணும் முறையும் வேறுபடும். நியூ சவுத் வேல்ஸில் கழிப்பது வேலை நாட்களை மட்டும். காமன்வெல்த் ஊழியருக்கு நடுவில் வரும் பொது விடுமுறையும் விடுப்புக் கணக்கிலேயே போய்விடும். ஈஸ்டரை ஒட்டிப் பயணம் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பத்தாண்டு ஆகும் வரை காத்திருக்க வேண்டுமா?

நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் ஏழாண்டு முடிந்தாலே அதுவரை சேர்ந்ததை எடுக்கலாம். நியூ சவுத் வேல்ஸ் கணக்கில் அது ஏறத்தாழ 30 வேலை நாட்கள். ஏழாண்டுக்குப் பின் ராஜினாமா செய்தாலும் அந்தப் பங்கு பணமாகக் கைக்கு வரும்.

காமன்வெல்த் அரசில் அப்படியில்லை. பத்தாண்டு நிறையும் முன் நீங்களாக விலகினால் இந்த விடுப்புக்காக எதுவும் கிடைக்காது. ஒன்பதாவது ஆண்டில் தனியார் நிறுவனம் ஒன்று அழைத்தால், சேரும் தேதியைப் பேசும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

பழைய வேலைக்காலம் சேருமா?

பெரும்பாலும் நழுவிப்போவது இதுதான். ஒரு மாநில அரசிலிருந்து இன்னொன்றுக்கோ காமன்வெல்த்துக்கோ மாறியவர்களின் முந்தைய பணிக்காலத்தையும் பல இடங்களில் ஏற்றுக்கொள்கிறார்கள். இரு வேலைகளுக்கும் இடையில் விழும் இடைவெளிக்குத்தான் வரம்பு உண்டு. காமன்வெல்த்தில் அது 12 மாதம். மற்ற இடங்களில் இன்னும் குறைவாக இருக்கலாம். நீங்கள் கேட்காமல் யாரும் சேர்த்துத்தர மாட்டார்கள். பழைய அலுவலகத்திடம் பணிக்காலச் சான்று வாங்கி, ஹெச்.ஆரிடம் எழுத்தில் கொடுங்கள். பகுதிநேரமாக உழைத்த ஆண்டுகளும் அதற்குரிய விகிதத்தில் கணக்கில் வரும். பிள்ளை பெற்றபின் வேலை நாட்களைக் குறைத்துக்கொண்ட தாய்மார்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

அரைச் சம்பளத்தில் இரண்டு மடங்கு

பல இடங்களில் விடுப்பை அரைச் சம்பளத்தில் இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம். 44 நாட்கள் 88 ஆகும். நோயுற்ற தாயோடு இருக்கவோ மகளின் பிரசவத்துக்குத் துணை நிற்கவோ இது கைகொடுக்கும். வீட்டுக் கடன் தவணை பாதிச் சம்பளத்தில் நடக்குமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர்களுக்கு

பள்ளித் தவணை ஒன்று சுமார் பத்து வாரம். முதல் தவணைக்கு விடுப்பு எடுத்து, அதற்கு முன் வரும் கோடை விடுமுறையோடு சேர்த்தால், டிசம்பர் நடுவில் கிளம்பி ஏப்ரல் வரை ஊரில் இருக்கலாம். மார்கழி, பொங்கல், தைப்பூசம், மாசி மாதக் கல்யாணங்கள் எல்லாம் அதற்குள் அடங்கும். விடுமுறையை ஒட்டி எடுக்கும் விடுப்புக்கு உங்கள் கல்வித் துறையில் என்ன விதி, அந்த விடுமுறைக்குச் சம்பளம் எப்படி என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மாற்று ஆசிரியரைத் தேடுவதற்கு அதிபருக்கும் நாள் வேண்டும். அடுத்த ஆண்டு நேர அட்டவணை போடும் முன்பே சொல்லிவிடுங்கள். விமான டிக்கெட் ஒப்புதல் வந்தபின் போதும்.

விடுப்பா, பணமா?

ஓய்வுபெறும்போது மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சேர்த்துவைப்பவர்கள் உண்டு. விடுப்பாக எடுத்தால் அந்தச் சம்பளத்துக்குச் சூப்பர் (ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டப்படும். வேலையை விடும்போது மொத்தமாக வரும் விடுப்புப் பணத்துக்குப் பொதுவாகக் கட்டப்படாது. அதைவிட முக்கியமான கணக்கு வேறு. ஐம்பது வயதில் அம்மாவோடு இருக்கக் கிடைக்கும் மூன்று மாதத்தை அறுபத்தேழு வயதில் எந்தத் தொகை கொடுத்தும் வாங்க முடியாது.

இந்த வாரமே உங்கள் விடுப்பு இருப்பைப் பாருங்கள். கணக்கு சரியில்லை என்று தோன்றினால் தொழிற்சங்கத்தின் உதவியைக் கேளுங்கள். இது யாரும் தயவாகத் தருவதல்ல. நீங்கள் உழைத்துச் சேர்த்தது. பெற்றோர் நடமாட்டத்தோடு இருக்கும்போதே எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் வாருங்கள்.