சளிக் காய்ச்சலும் குழந்தைகளின் கல்லீரலும்

சளி, இருமல், காய்ச்சல் ஆகியவை குழந்தைப் பருவத்தில் அடிக்கடி வருபவை. வைரஸ் கிருமிகளால் உண்டாகும் இச்சுவாச நோய்களின்போது கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் சற்று உயர்வதுண்டு. பெரும்பாலும் அவை தாமே சீரடைந்துவிடும். ஆனால் காய்ச்சலைத் தணிக்கக் கொடுக்கும் மருந்தே சில வேளைகளில் கல்லீரலுக்குக் கேடாக முடிகிறது.

ரை நோய்

1963-ஆம் ஆண்டில் சிட்னி நகர மருத்துவர் டக்ளஸ் ரை, 21 குழந்தைகளைத் தாக்கிய ஒரு நோயை விவரித்தார். அவர்களுள் 17 பேர் இறந்தனர். இன்புளூயன்சா அல்லது சின்னம்மை தணிந்துவரும் வேளையில் இந்நோய் தொடங்குகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, அம்மோனியா இரத்தத்தில் பெருகுகிறது, மூளை வீங்குகிறது. ஓயாத வாந்தி, மிகுந்த சோர்வு, மனக் குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு என அறிகுறிகள் முற்றுகின்றன. மஞ்சள் காமாலை பொதுவாகத் தோன்றாததால் கல்லீரலை எவரும் ஐயுறுவதில்லை.

இக்குழந்தைகளுட் பெரும்பாலோர் ஆஸ்பிரின் உட்கொண்டவர்கள் என்பதை அமெரிக்க ஆய்வுகள் காட்டின. 1980-இல் அந்நாட்டில் 555 பேருக்கு இந்நோய் பதிவாயிற்று. 1982-இல் அரசு எச்சரித்தது. 1986-இல் மருந்துப் பெட்டிகளில் எச்சரிக்கை கட்டாயமாயிற்று. 1994 முதல் 1997 வரை ஆண்டுக்கு இருவருக்கு மேல் பதிவாகவில்லை. மக்களுக்கு எட்டிய ஓர் எளிய செய்தி ஈட்டிய வெற்றி இது.

நம் நாட்டில்

கல்லீரலைப் பாதிக்கும் எனக் கருதப்பட்ட நிமெசுலைடு மருந்து, 12 வயதுக்குட்பட்டோருக்கு இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. ஆஸ்பிரினைத் தவிர்க்க நமக்கு மற்றொரு காரணமும் உண்டு: காய்ச்சல் டெங்குவாக இருப்பின் அது இரத்தப்போக்கைத் தூண்டும்.

பாரசிட்டமால் உரிய அளவில் பாதுகாப்பானது. மிகுந்தால் அதுவும் கல்லீரலை அழிக்கும். ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை போதும். 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள மருந்து 5 மில்லி பொருந்தும். 250 மில்லிகிராம் உள்ள மருந்தை அதே அளவு ஊட்டினால் இருமடங்காகிவிடும். சளி மருந்துகள் சிலவற்றிலும் பாரசிட்டமால் கலந்திருப்பதை மறத்தலாகாது.

பெற்றோர் கடமை

மருத்துவர் தனிக் காரணத்துக்காகப் பரிந்துரைத்தாலன்றிக் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தல் கூடாது. மருந்துப் புட்டியிலுள்ள அளவைப் படித்து, அளவுக் குவளையாலேயே ஊட்டுதல் வேண்டும். காய்ச்சல் தணிந்தபின் தொடர்ந்து வாந்தியோ, அசாதாரண உறக்கமோ, பிதற்றலோ கண்டால் நாழிகை கடத்தாமல் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கிராமச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இச்செய்தியை வீடுதோறும் கொண்டுசேர்ப்பின், காக்கத்தக்க உயிர்கள் பல காக்கப்படும்.