பெரியம்மா தலையில் இருந்த கையேடு

தொழில் பேச்சு எடுத்தாலே இப்போதெல்லாம் “பிரான்சைஸ் கொடுத்துடலாமே அண்ணே” என்கிறீர்கள். கொடுக்கலாம். அதற்கு முன்னால் செயல்முறைக் கையேடு எழுத வேண்டும். நான் ஒன்று எழுதினேன். முதல் தடவை தப்பாகத்தான் எழுதினேன்.

கிள்ளானில் பெரியம்மா பல வருடமாகச் சைவக் கடை நடத்துகிறார். கணக்கு வழக்கு என் பொறுப்பு. சிரம்பானில் எங்கள் சொந்தக் கிளை ஒன்றைத் திறந்து, சம்பளத்துக்கு ஆள் வைத்து, 30 பக்கக் கையேடும் கொடுத்தோம். பெயர்ப் பலகையின் நிறம், சீருடை, கல்லாக் கணக்கு எல்லாம் அதில் இருந்தன. புரட்டாசிச் சனிக்கிழமை, விரதமிருந்த ஒரு பாட்டி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, “தம்பி, சம்பல்ல பெலாச்சான் வாசம் வருதேப்பா” என்றார். மிளகாய் அரைக்க நேரமில்லை என்று சமையல்காரத் தம்பி ரெடிமேட் சம்பல் வாங்கிக் கலந்திருக்கிறார். திட்டப் போனேன். “வேணாம்னு கையேட்டுல போடலையே அண்ணே.”

உண்மைதான். கிள்ளான் கடையில் அது எல்லாருக்கும் தெரியும். தெரிந்த விஷயம் என்பதாலேயே எழுதத் தோன்றவில்லை. பெரியம்மா சிரம்பானுக்குப் போய் அந்தப் பாட்டியின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். வரும் வழியெல்லாம் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது தடவை மேசையில் உட்கார்ந்து எழுதவில்லை. நோட்டும் தராசுமாக இரண்டு வாரம் அடுப்படியிலேயே நின்றேன். பெரியம்மாவின் ‘ஒரு கைப்பிடி’ உப்பை மூன்று தடவை நிறுத்தால் மூன்று எடை! “உப்பைப் போயி நிறுப்பாங்களாடா?” என்று கோபம் வேறு. மாவு விஷயம் இன்னும் சிக்கல். ‘எட்டு மணி நேரம் புளிக்க விடு’ என்று எழுதினால் கிள்ளானுக்குச் சரி. கேமரன் மலைக் குளிருக்கு அது போதாது. அதனால் மணிக்கணக்கை எடுத்துவிட்டு, மாவு எந்தக் கோடு வரை உயர வேண்டும் என்று பாத்திரத்திலேயே கோடு போட்டுப் படம் எடுத்து ஒட்டினேன். நம் அடுப்படிகளில் பல நாட்டுக்காரர்கள் வேலை செய்கிறார்கள். பத்து வரியை விட ஒரு படம் மேல்.

சைவத்துக்கு மட்டும் தனியாக நான்கு பக்கம். எந்தச் சாஸ் வாங்கலாம், டப்பாவில் எந்தச் சொல் இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், வேலையாட்களின் மீன் குழம்புச் சாப்பாட்டை எங்கே வைப்பது, எல்லாம் இருக்கிறது. டைஃபாய்டு தடுப்பூசி, உணவு கையாள்வோர் பயிற்சிச் சான்றிதழ் இரண்டுக்கும் ஒரு பதிவுத் தாள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1998 பிரான்சைஸ் சட்டப்படி, பதிவு செய்யாமல் பிரான்சைஸ் விற்க முன்வரவே கூடாது. பதிவு விண்ணப்பத்தோடு ஒப்பந்த மாதிரி, செயல்முறைக் கையேடு, பயிற்சிக் கையேடு மூன்றும் போக வேண்டும். ஒப்பந்தம் குறைந்தது 5 ஆண்டு. உங்களை நம்பிச் சேமிப்பை உடைத்துப் போடுகிறவருக்கு அந்த ஐந்து வருடமும் கையில் இருக்கப்போவது இந்தக் கையேடுதான். “எழுதிக் கொடுத்தா ரகசியம் போயிடாதா?” என்று பெரியம்மா கேட்டார். கையேட்டில் உள்ளதை ஒப்பந்தக் காலத்திலும், அது முடிந்து 2 ஆண்டு வரையிலும் வெளியிட மாட்டோம் என்று வாங்குபவர் எழுத்தில் உறுதி தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இருந்தாலும் சாம்பார்ப் பொடியின் அளவை நான் எழுதவில்லை. பொடி கிள்ளானில் இருந்து பாக்கெட்டில் போகும். காகிதத்தை நம்புவதற்கும் ஓர் அளவு இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஒரு சோதனை வைத்தோம். சமையலே தெரியாத என் நண்பனிடம் கையேட்டைக் கொடுத்து, ஒரு நாள் முழுக்கக் கடையை நடத்தச் சொன்னோம். பெரியம்மா வாயைத் திறக்கக் கூடாது என்று நிபந்தனை. பாவம், நாற்காலியில் முந்தானையைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். அவன் பதினொரு தடவை எங்களைக் கேட்க வேண்டி வந்தது. பதினொன்றையும் குறித்துக்கொண்டேன். கடைசிக் கேள்வி, இரவு விளக்கெல்லாம் அணைத்த பிறகு வந்தது: “கேஸை எங்கடா மூடணும்?”

அது இப்போது முதல் பக்கத்தில், படத்தோடு இருக்கிறது.