நீல மணியும் நம் முந்திரி டப்பாவும்



காமிராப் பெட்டி, மின்னணுக் கருவிப் பெட்டிகளில் சிறு பொட்டலம் ஒன்று வரும். உள்ளே ஜவ்வரிசி போன்ற மணிகள் இருக்கும். இதுதான் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல். சிலவற்றில் மணி வெள்ளையாகவும், சிலவற்றில் நீலமாகவும் இருக்கும். வீணாக்குவானேன் என்று இதை எடுத்து முந்திரி, ஏலக்காய் டப்பாவில் போட்டுவைக்கும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. நீல மணியை அப்படிப் போடலாகாது. ஏன் என்று பார்ப்போம்.

அந்த நீலத்துக்குக் காரணம் கோபால்ட் என்னும் உலோகம். 1730-களில் ஸ்வீடன் நாட்டு ஜார்ஜ் பிராண்ட் இதைத் தனி உலோகம் என்று கண்டறிந்தார். இது இரும்பு, நிக்கல் ஆகியவற்றின் இனம். அணு எண் 27. லேசான நீலச் சாயலுடன் வெள்ளி போல் மின்னும். ஒரு கன சென்டிமீட்டர் சுமார் 8.9 கிராம் எடை, இரும்போ 7.9 கிராம்தான். உருகுவது 1,495 டிகிரி சென்டிகிரேடில். காந்தம் இதை இழுக்கும். இரும்பு 770 டிகிரியில் இழந்துவிடும் அந்தக் குணத்தைக் கோபால்ட் 1,100 டிகிரியிலும் இழப்பதில்லை.

இந்த உலோகம் குளோரினுடன் சேர்ந்தால் கோபால்ட் குளோரைடு என்னும் உப்பாகிறது. நீர் இல்லாதபோது இது நீலம். ஆறு நீர் மூலக்கூறுகள் சேர்ந்துவிட்டால் இளஞ்சிவப்பு. சூடேற்றினால் நீர் வெளியேறி மறுபடி நீலமாகும். ஆக, ஈரத்தைச் சுமப்பது சிலிக்கா. கணக்குச் சொல்வது கோபால்ட்.

கணக்குப்பிள்ளை நல்லவர்தான், ஆனால் சாப்பாட்டில் அவருக்கு இடமில்லை. நம் உடலுக்குத் தேவையான பி12 வைட்டமினில் கோபால்ட் உண்டு. அது மிக மிக நுண்ணிய அளவு. 1965-66இல் கனடாவின் கியூபெக் நகரில் பீரின் நுரை நிற்பதற்காகக் கோபால்ட் உப்பு சேர்த்தார்கள். அதை மிகுதியாகக் குடித்தவர்களில் சுமார் 20 பேர் இதய நோயால் இறந்தார்கள். கோபால்ட் குளோரைடை ஐரோப்பிய ஒன்றியம் 2008இல் மிகுந்த கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதன் தூசியைச் சுவாசிப்பது புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பதே காரணம்.

எனவே நாம் செய்ய வேண்டியவை:

1. உணவுச் சரக்குக்கு, உணவுக்கென்றே குறிப்பிட்டு விற்கும் வெள்ளைப் பொட்டலத்தையே வாங்குங்கள். உதிரி மணி வேண்டாம்.

2. வெள்ளை மணி நிறம் மாறாது. புதிதாக இருக்கும்போதே எடை போட்டுக் குறித்துவையுங்கள். எடை கூடினால் ஈரம் ஏறுகிறது என்று பொருள்.

3. நிறம் மாறிய மணியைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

4. டப்பாவில் நீல மணி கொட்டிவிட்டால் பொறுக்கி எடுத்துவிட்டு விற்காதீர்கள். அந்தச் சரக்கையே ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு டப்பா முந்திரி போனால் அடுத்த லோடில் ஈடுகட்டலாம். வாடிக்கையாளரின் நம்பிக்கை போனால் எந்த மண்டியிலும் கிடைக்காது.