நதி சொல்லும் வரலாறு: பாரிஸ் நகரில் ஒரு படகுப் பயணம்

நதிக்கரைகளில்தான் நாகரிகங்கள் பிறந்தன என்று வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறோம். நைல், யூப்ரடீஸ், சிந்து என்று பெயர்களை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறோம். ஆனால் ஒரு நதி ஒரு நகரைப் பெற்று வளர்ப்பது எவ்வாறு? அந்த நகர் தன் தாய்க்குச் செய்யும் கைம்மாறு என்ன? இதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. இதை அறிய ஏற்ற இடம் பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிஸ். ஆகவே தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு, செய்ன் நதியில் ஒரு படகுப் பயணம் சென்று வருவோம்.

படகும் பாதையும்

செய்ன் நதி திஜோன் நகருக்கு அருகே ஒரு சிறு ஊற்றாகத் தோன்றி, 777 கிலோமீட்டர் வளைந்து நெளிந்து ஓடி, லெ ஹாவ்ர் துறைமுகத்தின் அருகே ஆங்கிலக் கால்வாயில் கலக்கிறது. பாரிஸ் நகருக்குள் அது ஓடும் தூரம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அந்தத் தூரத்திற்குள் 37 பாலங்கள் உள்ளன. இதன் கரைகளை 1991ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நகரைச் சுற்றிக் காட்டப் பலவகைப் படகுகள் உண்டு. நூற்றுக்கணக்கானோர் அமரும் பெரிய படகுகளில் ஒலிபெருக்கி விளக்கம் சொல்லும். பத்துப் பேர் அளவில் ஏறும் சிறிய படகுகளில் ஓட்டுபவரே விளக்குவார். ஐயம் எழுந்தால் கேட்கலாம். நீர்மட்டத்திற்கு மிக அருகில் அமர்வதால், பாலத்தூண்களின் கல்லையும் கரைச்சுவரில் பழைய வெள்ளம் இட்ட கோட்டையும் கண்ணால் காணலாம். படிக்கச் செல்லும் நமக்குச் சிறிய படகே ஏற்றது.

ஏறுமுன் ஒரு குறிப்பு. நீர் ஓடும் திசையை நோக்கி நின்றால் வலப்புறம் இருப்பது வலக்கரை. இடப்புறம் இருப்பது இடக்கரை. நாம் மேற்கே ஈஃபில் கோபுரத்தின் அடியில் ஏறி, நீரோட்டத்தை எதிர்த்துக் கிழக்கே செல்லப் போகிறோம். ஆகையால் வலக்கரை நமக்கு இடக்கைப் பக்கம் வரும்! இன்னொரு புதுமையும் உண்டு. இவ்வழியில் மேற்கே இருப்பவை பெரும்பாலும் புதியவை; கிழக்கே செல்லச் செல்லப் பழையவை. நம் படகு நீரோட்டத்தை மட்டுமன்றிக் காலத்தையும் எதிர்த்துச் செல்கிறது.

இரும்பும் கல்லும்

ஈஃபில் கோபுரம் பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு நினைவாக 1889ஆம் ஆண்டு எழுப்பப்பட்டது. உச்சியிலுள்ள அலைவாங்கியையும் சேர்த்து இன்று அதன் உயரம் 330 மீட்டர்.

அடுத்து வருவது அல்மா பாலம். அதன் தூண் ஒன்றில் ஒரு போர்வீரனின் கற்சிலை நிற்கிறது. வெள்ளம் வரும்போது பாரிஸ் மக்கள் பார்ப்பது இவனைத்தான். நீர் அவன் பாதத்தைத் தொட்டதா, முழங்காலைத் தொட்டதா என்று பேசிக்கொள்வர். 1910 ஜனவரியில் வந்த பெருவெள்ளம் அவன் தோள்வரை உயர்ந்தது. அளவுகோல் அன்று 8.62 மீட்டரைக் காட்டியது. அதன் பின்னர் நதியின் மேற்பகுதியிலும் துணை நதிகளிலும் நான்கு பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டன. அவை குளிர்கால வெள்ளத்தைத் தேக்கிவைத்து, கோடையில் நதி வற்றும்போது திறந்துவிடுகின்றன.

மூன்றாம் அலெக்சாந்தர் பாலத்தைக் கடந்தால் கொன்கோர்து பாலம். 1791இல் கட்டி முடிக்கப்பட்ட இதற்கு, இடிக்கப்பட்ட பஸ்தீல் சிறைச்சாலையின் கற்களையும் பயன்படுத்தினர். ஒருகாலத்தில் மக்களை அடைத்துவைத்த கல், இன்று மக்கள் நடந்து செல்லும் பாதையாயிற்று.

இடக்கரையில் ஓர்சே அருங்காட்சியகம். 1900இல் இரயில் நிலையமாகத் திறக்கப்பட்ட கட்டடம், 1986இல் ஓவியக்கூடமாயிற்று. எதிரே வலக்கரையில் லூவர் நீண்டு கிடக்கிறது. கோட்டையாகத் தொடங்கி அரண்மனையாக வளர்ந்து, 1793 முதல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நதி சுமந்த பாவம்

இங்கே நம் படகு மெதுவாகச் செல்லட்டும். லூவருக்குக் கிழக்கே புனித ஜெர்மேன் ஆலயம் இருக்கிறது. 1572 ஆகஸ்டு 24, புனித பர்த்தலமேயு திருநாள். அன்று விடியுமுன் அந்த ஆலயத்தின் மணி ஒலித்தது. அதைத் தொடர்ந்து புரோட்டஸ்டண்டு சபையினரைக் கத்தோலிக்கர் வீடு வீடாகத் தேடிக் கொன்றனர். ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். உடல்கள் இந்த நதியில் எறியப்பட்டன.

நம் சபையைச் சார்ந்தவர்கள் செய்த கொடுமையை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை தந்தவர் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். 1997 ஆகஸ்டு மாதம் உலக இளையோர் நாளுக்காகப் பாரிஸ் வந்த அவர், பர்த்தலமேயு திருநாளின் முன்னிரவில், திரண்டிருந்த இளைஞர்களிடம் இந்நிகழ்ச்சியை மறைக்காமல் எடுத்துச் சொன்னார். நற்செய்தி கண்டிக்கும் செயல்களைக் கிறிஸ்தவர்கள் செய்தனர் என்று ஒப்புக்கொண்டார். வரலாற்றைப் படிப்பது பெருமை பேசுவதற்காக மட்டும் அன்று, மனம் வருந்துவதற்காகவும்தான்.

நகரம் பிறந்த தீவு

இதோ, ‘புதுப் பாலம்’. பெயர்தான் புதிது. 1578இல் தொடங்கி 1607இல் முடிக்கப்பட்ட இதுவே, இன்று நதியின்மேல் நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது. இங்கே நதி இரண்டாகப் பிரிந்து ஒரு தீவை அணைத்துக்கொள்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே ஸ்ரீரங்கம் அமைந்திருப்பதை நினைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும். சித்தே என்னும் இத்தீவின் வடிவம் நங்கூரமிட்ட கப்பலைப் போன்றது.

பாரிசி என்னும் குலத்தார் வாழ்ந்த பகுதி இது. நகரின் பெயரும் அவர்களிடமிருந்தே வந்தது. பின்னர் உரோமையர் ஆண்ட காலத்தில் நதியில் சரக்கேற்றிப் பிழைத்த படகோட்டிகள் ஒரு சங்கமாகக் கூடியிருந்தனர். அவர்கள் நிறுவிய கல்தூண் ஒன்றின் பகுதிகள் 1711இல் பேராலயத்தின் பலிபீடப் பகுதிக்கு அடியில் கிடைத்தன. அதில் திபேரியு பேரரசரின் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. நம் ஆண்டவர் சிலுவையில் அறையுண்ட காலத்துப் பேரரசர் அவரே அன்றோ! பாரிஸ் நகரில் மன்னர் எழுப்பிய கட்டடங்கள் எத்தனையோ உண்டு. ஆயினும் மிகப் பழைய நினைவுச்சின்னங்களுள் ஒன்றாக நமக்குக் கிடைத்திருப்பது படகோட்டிகள் எழுப்பிய தூண்.

நகரின் சின்னத்திலும் இன்றுவரை ஒரு கப்பலே இருக்கிறது. இடைக்காலப் படகு வணிகர்களின் முத்திரையிலிருந்து வந்தது அது. அதனடியில் ஓர் இலத்தீன் வாசகம் உண்டு: “ஃப்ளுக்துவாத் நெக் மெர்ஜித்தூர்”. அலைகள் தாக்கி ஆட்டினாலும் அது மூழ்குவதில்லை என்பது பொருள்.

அன்னையின் ஆலயம்

தீவின் தென்புறக் கிளையில் செல்கிறோம். இடக்கைப் பக்கம் நோத்ர் தாம் பேராலயம் உயர்ந்து நிற்கிறது. ‘நம் அன்னை’ என்பதே அப்பெயரின் பொருள். ஆயர் மொரீஸ் தெ சுல்லி காலத்தில், 1163இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டி முடிக்கத் தலைமுறைகள் பல ஆயின. தொடங்கியவர்கள் முடிவைக் காணவில்லை. முடித்தவர்கள் தொடக்கத்தைக் காணவில்லை.

2019 ஏப்ரல் 15, புனித வாரத்தின் திங்கட்கிழமை மாலை, மரக்கூரையில் தீப்பற்றியது. கூர்நுனிக் கோபுரம் எரிந்து விழுந்தது. அரசர் புனித லூயி 1239இல் பாரிசுக்குக் கொண்டுவந்த முள்முடியைத் தீயணைப்பு வீரர்களும் மற்றவர்களும் காப்பாற்றினர். அன்று நதியிலிருந்தும் நீர் எடுத்துத் தீயோடு போராடினர். பின்னர் ஏறத்தாழ 2,000 கருவாலி மரங்களைக் கொண்டு கூரையும் கோபுரமும் பழைய முறைப்படியே மீண்டும் அமைக்கப்பட்டன. 2024 டிசம்பர் 8 அன்று அங்கே மீண்டும் திருப்பலி நிறைவேறியது.

ரொட்டி கொண்டுவந்த கன்னி

பேராலயத்தைக் கடந்ததும் துர்நெல் பாலம். அதன்மேல் ஓர் உயர்ந்த தூண். தூணின்மேல் ஒரு பெண் உருவம். நமக்கு முதலில் தெரிவது அவரது முதுகுதான். பாலத்தின் அடியில் நுழைந்து வெளிவந்து திரும்பிப் பார்த்தால்தான் முகம் தெரியும். அவர் நதியின் மேல்திசையைக் காவல் காத்து நிற்கிறார். அவரே நகரின் பாதுகாவலி, புனித ஜெனவியேவ். 1928இல் இச்சிலையைச் செதுக்கியவர் போல் லாந்தோவ்ஸ்கி. ரியோ நகரின் மீட்பராம் கிறிஸ்துவின் பெருஞ்சிலையைச் செய்த சிற்பியும் அவரே.

ஜெனவியேவ் நான்தேர் என்னும் சிற்றூரில் பிறந்து, இறைவனுக்குத் தம்மை அர்ப்பணித்த கன்னி. 451இல் ஹூணர்களின் தலைவன் அத்திலா படையெடுத்து வந்தபோது, நகரத்தார் உடைமைகளைக் கட்டிக்கொண்டு ஓடத் தயாராயினர். ஜெனவியேவ் பெண்களை ஒன்றுகூட்டிச் செபத்திலும் நோன்பிலும் ஈடுபடச் செய்தார். ஓட வேண்டாம் என்று ஆண்களுக்கு அறிவுரை கூறினார். அத்திலா பாரிசைத் தொடாமல் வேறு வழியே சென்றான்.

அதற்குப் பிற்பாடு பிராங்கியர் நகரை முற்றுகையிட்டனர். நிலவழிகள் அடைபட்டன; மக்கள் பசியால் மடிந்தனர். அப்போது ஜெனவியேவ் படகேறி இந்த நதியின் வழியே மேல்நோக்கிச் சென்று, பதினொரு படகுகளில் தானியம் கொண்டுவந்தார் என்று அவருடைய பழைய வரலாறு கூறுகிறது. தானியத்தைச் சமமாகப் பங்கிட்டார். சுட்டுத் தின்ன வழியற்ற ஏழைகளுக்கு ரொட்டியாகவே கொடுத்தார். அடுப்பில் வைத்த ரொட்டிகள் எண்ணிக்கையில் குறைவதைக் கண்டு, உடன் உழைத்த பெண்கள் திகைத்தனராம். பிறகு, சூடான ரொட்டியுடன் தெருவில் செல்லும் ஏழைகளைப் பார்த்தபோதுதான் அவர்களுக்குச் செய்தி புரிந்தது!

கையில் வாளில்லாத ஒரு பெண், செபத்தாலும் அறிவாலும் படகாலும் ஒரு நகரைக் காத்தார். செபித்தபின் அவர் கைகட்டி இருக்கவில்லை. துடுப்பு வலிப்போருடன் புறப்பட்டுப் போனார்.

சிறையும் பாடலும்

புனித லூயி தீவைச் சுற்றிக்கொண்டு வடபுறக் கிளையில் திரும்புகிறோம். இப்போது நீரோட்டம் நம்முடன். இடக்கைப் பக்கம் கூம்புக் கோபுரங்களுடன் தோன்றுவது கொன்சியேர்ஜரி. புரட்சிக்காலத்தில் இது சிறைச்சாலை. கொம்ப்பியேன் நகரின் கார்மெல் சபையைச் சார்ந்த பதினாறு பேர் 1794 ஜூலையில் இங்கே கொண்டுவரப்பட்டனர். தங்கள் துறவு வாழ்வைக் கைவிட மறுத்ததே அவர்கள் செய்த குற்றம். நாட்டில் அமைதி திரும்ப வேண்டுமென்று அவர்கள் ஏற்கெனவே தங்களைப் பலியாக ஒப்புக்கொடுத்திருந்தனர். ஜூலை 17 அன்று பாடிக்கொண்டே கொலைமேடைக்குச் சென்றனர். வயதில் இளைய நவகன்னியே முதலில் ஏறினார். தலைவி கடைசியாக ஏறினார். பத்தே நாளில் கொடுங்கோல் ஆட்சி கவிழ்ந்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பரில் அவர்களைப் புனிதர்களாக அறிவித்தார்.

1572இல் கத்தோலிக்கர் கொன்றனர். 1794இல் கத்தோலிக்கர் கொல்லப்பட்டனர். இரண்டையும் கண்ட நதி ஒன்றே.

நதியின் நோயும் மருந்தும்

உணவளித்த நதிக்கு நகரம் என்ன செய்தது? சாக்கடையையும் ஆலைக் கழிவையும் அதில் விட்டது. 1923இல், நதியில் குளிப்பது தடைசெய்யப்பட்டது. 1990இல் மேயர் ஜாக் சிராக், நதி தூய்மையாகும், தாமே அதில் நீந்துவேன் என்று வாக்களித்தார். அவர் காலத்தில் அது கைகூடவில்லை.

காரணம் எளிது. பழைய பாரிசில் மழைநீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாமல் கழிவு நதியில் வழிந்துவிடும். இதைத் தடுக்க ஓஸ்தர்லிட்ஸ் இரயில் நிலையத்தருகே நிலத்தடியில் ஒரு பெருந்தொட்டி கட்டினர். அது 5 கோடி லிட்டர் கொள்ளும். மழை நின்றபின் தொட்டி நீர் சுத்திகரிப்பு நிலையத்திற்கு அனுப்பப்படும். படகு வீடுகளின் கழிவுகளும் குழாய்களில் இணைக்கப்பட்டன. இவை அனைத்திற்கும் ஏறத்தாழ 140 கோடி யூரோ செலவாயிற்று. 2024இல் ஒலிம்பிக் வீரர்கள் நீந்தினர். 2025 ஜூலையில் மூன்று இடங்களில் பொதுமக்கள் இறங்கிக் குளித்தனர். இப்போதும் பெருமழைக்குப் பின் நீர் கெட்டிருந்தால் தடை விதிக்கப்படுகிறது. அழுக்காக்குவதற்குக் காசு வேண்டியதில்லை. திரும்பப் பெறவோ நூறாண்டுகளும் கோடிக்கணக்கான பணமும் வேண்டியிருந்தன.

முடிவுரை

நம் படகு ஈஃபில் கோபுரத்தடியில் மீண்டும் கரை சேர்கிறது. மன்னர் பலர் இந்நகரை அழகு செய்தனர். அதை மூழ்காமல் காத்தவர்களோ தானியம் சுமந்த படகோட்டிகள், ரொட்டி சுட்ட பெண்கள், முகம் காணாத பேரர்களுக்காகக் கல் அடுக்கிய கொத்தர்கள், பாடிக்கொண்டே உயிர் கொடுத்த கன்னியர். இத்தகையோர் இருக்கும்வரை எந்த நகரக் கப்பலும் அலைகளுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பயிற்சி

1. தேசப்படத்தில் செய்ன் நதியின் தோற்றத்தையும் முகத்துவாரத்தையும் குறிக்கவும்.

2. கிழக்கு நோக்கிச் செல்லும் படகில் லூவர் எந்தக் கைப்பக்கம் இருக்கும்? ஏன்?

3. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆற்றிலோ குளத்திலோ உங்கள் பாட்டியார் இளமையில் குளித்ததுண்டா என்று கேட்டு எழுதவும். இன்று உங்களால் குளிக்க முடியுமா? முடியாதெனில் அதன் காரணத்தையும், அதற்கு நாம் செய்யத்தக்க ஒன்றையும் எழுதவும்.