நிலவும் நடுங்கும்: புவியையும் நிலவையும் ஒப்பிட்டு ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்பில் புவி அகச்செயல்முறைகளை நடத்தும்போது, "நிலவு ஆறிப்போன கோளம், அங்கே எதுவும் அசையாது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவந்தேன். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 தரையிறங்கியதை வீட்டில் நேரலையில் பார்த்த மாணவி ஒருத்தி மறுவாரம் கேட்டாள்: "அசையாத இடத்துக்கு நில அதிர்வுக் கருவி எதுக்கு டீச்சர் அனுப்பினாங்க?" என்னிடம் பதில் இல்லை. படித்துப் பார்த்துப் பாடத்தைத் திருத்திக்கொண்டேன்.

அப்போலோ வீரர்கள் வைத்த கருவிகள் 1969 முதல் 1977 வரை 28 ஆழம் குறைந்த நிலவதிர்வுகளைப் பதிவு செய்துள்ளன. ஆனால் காரணம் வேறு. புவியின் ஓடு பல தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய சுனாமி, சுமத்ரா அருகே ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் இடத்தில் பிறந்தது. நிலவின் ஓடோ ஒரே தட்டு. உட்பகுதி குளிர்ந்து சுருங்குவதால் மேலோடு நெருக்கப்பட்டு, உடைந்து, ஒரு பகுதி மற்றதன்மேல் ஏறிப் படிபோன்ற மேடாகிறது. 1972இல் அப்போலோ 17 இறங்கிய பள்ளத்தாக்கிலேயே லீ-லிங்கன் என்ற அத்தகைய மேடு உள்ளது.

இங்கே நம் பிள்ளைகள் ஒன்றைக் குழப்பிக்கொள்வார்கள். கோடையில் வயல் பாளம் பாளமாக வெடிப்பதும் சுருக்கம்தானே என்பார்கள். வயலில் மேல்மண் காய்ந்து சுருங்குகிறது, அடிமண் சுருங்குவதில்லை, அதனால் வெடிப்பு. நிலவில் உள்ளே சுருங்குகிறது, மேலே சுருங்குவதில்லை. அதனால் மடிப்பும் மேடும். வாடிய எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இரண்டிலும் பொதுவானது பிளவுப் பள்ளம். இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிந்தபோது நிலம் இழுபட்டு உண்டான பள்ளங்கள் நம் டெல்டா வண்டலுக்கு அடியில் புதைந்துள்ளன. நரிமணத்தில் எண்ணெய் கிடைப்பது அத்தகைய படுகையில்தான். நிலவில் வண்டல் கொண்டுவர ஆறு இல்லை. அதனால் 300 கிலோமீட்டர் நீளமுள்ள அரியாடியஸ் பள்ளம் இன்றும் திறந்தே தெரிகிறது.

செய்துகாட்ட வயல் களிமண் போதும். மூன்று துண்டுகளாக வெட்டுங்கள். நடுத்துண்டு மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருக்கட்டும். சேர்த்துவைத்து இருபுறத்தையும் மெல்ல விலக்கினால் நடுத்துண்டு இறங்கும். அதுவே பிளவுப் பள்ளம்.

முன்பு தவறாகச் சொன்னதை வகுப்பிலேயே ஒப்புக்கொண்டேன். அதன்பிறகு கேள்விகள் குறையவில்லை, கூடின.